ஒரு சாண் நீளம்

பனிக்கட்டியைச் சர்பத்துக் கோப்பையில் மாத்திரம் கண்டு வளர்ந்தோர் நாம். ஆதலின், 2024 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம் தம்பியிடம் சென்றிருந்தபோது, அவன் எம்மிடம் ஆலோசனை கேட்ட விடயம் எமக்குப் பெருவியப்பை அளித்தது.

"அண்ணா, சின்னப் பட்டை உள்ளதை வாங்கட்டோ, நீளப் பட்டை உள்ளதை வாங்கட்டோ? நீங்கள் ஒருக்கால் ரெண்டிலும் ஏறிப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான்.

அவன் வாங்க எண்ணியது ஒரு பனியூர்தி. ஸ்நோமொபைல் என்பது அங்குள்ளோர் வழங்கும் பெயர். முன்புறத்தே இரண்டு சறுக்குப் பலகைகள். பின்புறத்தே சக்கரத்துக்குப் பதிலாக ஓயாது சுழலும் றப்பர்ப் பட்டை. நடுவே மோட்டார்ச் சைக்கிளை ஒத்த இருக்கை. பட்டையின் முழுச் சுற்றளவையும் அங்குலக் கணக்கிற் கூறுவர். 120, 121 என்பன குறும் பட்டைகள், 129 இடைத்தரம், 137, 146 என்பன நீளம். 154, 165 என்பனவோ பாதையற்ற மலைச்சாரலில், ஆழ்ந்த பனியில் ஓடுவோர்க்கு உரியன. தம்பி ஓடுவது, இயந்திரங்கொண்டு பனியை அழுத்திச் செப்பனிட்ட பாதையில். ஆகவே 121, 137 ஆகிய இரண்டுமே அவன் முன் நின்றன.

வித்தியாசம் பதினாறு அங்குலம். அதுவும் சுற்றளவில். நிலத்திற் படிவது அதிற் பாதி, அதாவது ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாணுக்காக ஒரு குடும்பம் இரண்டு கிழமையாக வாதிடுகின்றதே என்று உள்ளூர நகைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலையில், நண்பர் ஒருவரின் குறும் பட்டை ஊர்தியிற் புறப்பட்டோம். பின்னிருக்கை தனியே பொருத்தப்பட்டிருந்தது. தலைக்கவசமும் தடித்த உடைகளும் அணிந்து தம்பியின் பின்னால் நெல்மூட்டைபோல் அமர்ந்தோம். இரவிலே செப்பனிட்ட பாதை மெழுகிய திண்ணை போலிருந்தது. வளைவுகளில் அவ்வூர்தி கன்றுக்குட்டிபோல் சட்டெனத் திரும்பிற்று. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். இரவு வேலைத்தலத்தில் நின்று களைத்த அம்மனிதன் அவ்விதம் சிரித்ததை நாம் பல்லாண்டுகளாகக் கண்டதில்லை.

மத்தியானத்தின் பின் பாதையின் குணம் மாறிற்று. ஒவ்வொருவரும் வேகங்கூட்டும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் பட்டை பனியைக் கிளறித் தள்ளுகின்றது. சிறு மேடு உண்டாகின்றது. அடுத்து வருபவர் அதில் ஏறித் துள்ளி விழ, பள்ளம் ஆழமாகின்றது. இப்படியே பாதை முழுவதும் அலை அலையாகிவிடும். பருத்தித்துறைக் கடலைப் பார்த்தோர்க்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. சிறு தெப்பம் அலைக்கு அலை தாழ்ந்து எழும். நீண்ட வள்ளமோ இரண்டு அலைமுடிகளைத் தொட்டுக்கொண்டு போகும். நாம் இருந்தது தெப்பம். வீடு சேர்ந்தபோது எமது முள்ளந்தண்டின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே எண்ணக்கூடியதாயிருந்தது.

மறுவாரம் 137 அங்குல ஊர்தியொன்றை வாடகைக்கு எடுத்தான். அதே பாதை, அதே மேடு பள்ளம். ஆயின் முதுகு பிழைத்தது. பட்டை கூடுதலாகப் படிவதால் பிடிப்பும் அதிகம். இதுவே சிறந்ததென்று நாம் தீர்ப்பு எழுதத் தொடங்கிய வேளையில் ஒரு வளைவு வந்தது. தம்பி பழைய வேகத்திலே திருப்பினான். நீண்ட பட்டை நேரே தள்ள, ஊர்தி விலகிப் பாதையின் மறுபாதிக்குள் ஓடிற்று. எதிரே ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் ஒதுங்கினார், நாம் தப்பினோம். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

வீட்டில் இதனைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டோம். தம்பி உடனே, "பாத்தீங்களோ அண்ணா, சின்னன்தான் சொன்ன சொல்லுக் கேக்கும்" என்றான். சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தனிய ஓடுறதுக்கோ, பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போறதுக்கோ வாங்கப் போறியள்?"

பிள்ளைக்கு வயது ஏழு.

அப்பொழுது எமக்கு, இவ்வூர்திகளுக்கு வழிவகுத்த கியூபெக் மாகாணத்து ஜோசப் அர்மன் பொம்பார்டியேயின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1934 இல் அவருடைய இரண்டு வயது மகன் கடும் நோயுற்றான். பனி மூடிய வீதியால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலாமற் பிள்ளை இறந்தது. பனிமேல் ஓடும் ஊர்திகளை அதற்கு முன்னரே சோதித்து வந்த அவர், 1937 இல் பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த தமது அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதனைக்கொண்டு செய்த வண்டிகள் பலரை ஏற்றிச் செல்பவை. விளையாட்டுக்கும் உதவும் சிறிய ஸ்கீ-டூ 1959 இலேதான் வந்தது. இதைச் சொன்னபோது தம்பி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளைவில் மெல்லப் போகப் பழகலாம், பிள்ளையின் முதுகைப் பழக்க முடியாது" என்றோம். நீளப் பட்டையையே வாங்கினான். சரியான யோசனைதான் சொன்னோம். எனினும், அந்தச் சனிக்கிழமை காலையிற் கேட்ட சிரிப்பை அவனிடமிருந்து பறித்துவிட்டோமோ என்னும் ஐயம் ஊர் திரும்பிய பின்னரும் எம்மை விடவில்லை.

அடுத்த மாரிகாலத்தில் தொலைபேசியிற் பேசினான். பிள்ளை பின்னாலிருந்து இறங்க மறுக்கிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, நண்பரின் குறும் பட்டை ஊர்தியை மாதத்தில் ஒரு நாள் இரவல் வாங்கித் தனியே ஓடுவதாகவும், அதனை வீட்டிற் சொல்ல வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டான். இப்பத்திரிகை கனடாவுக்குப் போவதில்லை என்றே நம்புகின்றோம்.