பெயரன்

துவைத்த துணிகளை மடிக்கும்போது அம்மா ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைப்பாள். என் மகனின் கால்பந்துச் சட்டை. நீல நிறம். முதுகில் 7 என்ற எண். அதற்கு மேலே, ஒரு தோள்பட்டையிலிருந்து மறு தோள்பட்டை வரை வில்லாக வளைந்துபோகும் பத்து ஆங்கில எழுத்துகள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பத்தும் சேர்ந்து யாரைச் சொல்கின்றன என்று தெரியும். சட்டையை உள்வெளியாகப் புரட்டித்தான் இஸ்திரி போடுவாள், சூடு எழுத்தின் மேல் படக்கூடாது. கால்சட்டை, காலுறைகளோடு அது சேராது. சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் எழுத்துப் பக்கம் மேலாக இருக்கும்.

அது அப்பாவின் பெயர்.

அம்மா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவள் வயதுப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால், “கார்டுல எழுதியிருக்குதுங்க, பாத்துக்குங்க” என்பாள். கோயிலில் அர்ச்சனை என்றால் என்னை முன்னால் தள்ளுவாள். நான் இல்லாத நாளில், “மலைமேல ஆண்டியா நிக்கறாருங்கல்ல, அவரு பேருதானுங்க” என்று தெற்கே கையைக் காட்டுவாள். ஐயருக்குப் புரிந்துவிடும். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அப்படித்தான். இதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், அதனால் நானும் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

ஊரில் இருந்தவரை அப்பா எனக்கு ஓர் எழுத்து. என் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு நிற்பார், அவ்வளவுதான். சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்க்க வேண்டாம் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த எண்ணம் ஊன்றிப்போன மாநிலத்தில், வாலில்லாத பெயரும் முன்னால் ஓர் இனிஷியலும் எவ்வளவு பெரிய சம்பாத்தியம் என்று இந்தியாவின் மற்ற மாநிலத்தவரோடு பழகிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அமெரிக்கப் படிவத்துக்கு அது போதாது. குடும்பப் பெயர் இல்லாமல் பாஸ்போர்ட் எடுத்தவர்களின் விசாவில், முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் எல்லோரும் அந்தப் புள்ளியை விரித்தோம். ஓரெழுத்தாக இருந்த அப்பாக்கள் முழு நீளத்துக்கு எழுந்து நின்றார்கள். 1958-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா தன் அப்பா கோபாலனை அப்படித்தான் கூட்டிவந்தார். கமலா ஹாரிஸின் அம்மா அவர். கூகுளின் சுந்தரராஜன் இன்று உலகத்துக்குப் பிச்சை. அவருடைய அப்பா ரெகுநாத பிச்சை.

அமெரிக்கா வந்த புதிதில் வங்கியில் ஒருவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர் எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் கலிபோர்னிய ஊரான சான் ரமோனின் கதையும் ஒரு பெயரின் கதைதான். மிஷன் சான் ஹோசே என்ற கத்தோலிக்க மடத்தின் ஆடுமாடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் மேய்ந்த காலத்தில், ஓடைக்கரையில் ஆட்டு மந்தையைப் பார்த்துக்கொள்ள ரமோன் என்று ஒரு மணியக்காரர் இருந்தார். ஓடைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய வழக்கப்படி முன்னால் ‘சான்’ சேர்ந்ததும் அவர் புனிதர் ஆகிவிட்டார். இந்த நிலத்தை ஆண்டு அனுபவித்த ஹோசே மரியா அமதோர் ஒரு நில வழக்கில் சாட்சி சொன்னபோது விளக்கிய விஷயம் இது. பின்னால் வந்த அமெரிக்கர்கள் ஊருக்குத் தங்கள் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். ஐரிஷ்காரர்கள் நிறைய இருந்ததால் கொஞ்ச காலம் இது லிமரிக்காகக்கூட இருந்தது. 1891-இல் ரயில் வந்தபோது ஆட்டுக்காரரின் பெயரே நிலைத்தது. ரயில் போய்விட்டது. தண்டவாளம் கிடந்த தடம் இப்போது அயர்ன் ஹார்ஸ் நடைபாதை.

அம்மாவும் நானும் மாலையில் அதில்தான் நடப்போம். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஷூ என்று அவளைப்போல நாலைந்து பேர் எதிரே வருவார்கள். வெயில் காலத்தில் சுற்றியுள்ள குன்றுகளெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும், சரிவுகளில் மாடுகள் நிற்கும். முதல் தடவை பார்த்தபோதே, “நம்ம கொறங்காடு மாதிரியே இருக்குது கண்ணு” என்றாள், எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தைச் சொல்லி. ரமோன் கதையை அங்கேதான் சொன்னேன். நின்று கேட்டாள். “உங்க அப்பாரும் பட்டி ஆடு வெச்சிருந்தவருதான்” என்றாள், அப்பாவின் அப்பாவைச் சொல்லி. கொஞ்ச தூரம் போனபின், “ஆடு மேச்சவரு பேர ஊரே சொல்லுது பாரு” என்றாள்.

மகனுக்குப் பெயர் வைக்கும்போது நான் பயந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் தடுக்கி விழாத, இரண்டே அசையில் முடிகிற பெயராகத் தேடினேன். எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்கு அப்பாரு பெயரைத்தான் வைக்க வேண்டும். அப்பாவுக்கும் அப்படி வைத்ததுதான். அது மாமனாரின் பெயர் ஆனதால் என் அப்பத்தா சொந்த மகனைக் கடைசிவரை ‘பெரியதம்பி’ என்றே கூப்பிட்டாள். அந்த வரிசையை நான் அறுத்துவிட்டேன் என்ற உறுத்தல் அப்பா இருந்தவரை எனக்கு இருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பேரன் என்ற சொல்லைப் பெயரன் என்று விரித்துப் பார்த்தது ரொம்பப் பிற்பாடுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் எவனோ அவன் பெயரன். நான் பயந்து விட்டுவிட்டதை ஒரு படிவத்தின் கட்டம் செய்து வைத்திருக்கிறது. அதன் தயவால் நாங்கள் மூன்று பேருமே அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறோம். அம்மாவின் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் அதுதான்.

போன குளிர்காலத்தில் பையனுக்கு இருமல். மருந்துக் கடையில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் அந்தப் பெயரை, நடு அசையை நீட்டி, சத்தமாகக் கூப்பிட்டாள். அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுவாளே, அதே எழுச்சி. பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பாவக் கூப்புடறாங்க, போ சாமி” என்றாள். நான் போய் மருந்தை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அந்தப் பெயரில் ஒரு ழகரம் உண்டு. சட்டையில் அது ‘எல்’ ஆகிவிட்டது. மைதானத்தில் பிள்ளைகள் அதை லகரமாகத்தான் கத்துகிறார்கள். ஊரில் என் அண்ணன் பிள்ளைகளுக்கு அது ளகரம், வாழைப்பழம் அவர்களுக்கு வாளப்பளம். ஆனால் இங்கே பிறந்த இவனுக்கு ழகரம் சுத்தமாக வருகிறது. எப்படி என்று ரொம்ப நாள் யோசித்தேன். ‘கார்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும்போது பலருக்கு நாக்கு பின்னால் வளைந்து அண்ணத்தில் முட்டாமல் நின்றுவிடுகிறது. நம் ழகரமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்து, நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருட இரண்டும் பிறக்கும் என்கிறார். அதைப் படித்த அன்று அவனைக் கூப்பிட்டு, “கார்னு சொல்லுடா, நாக்கை எடுக்காதே, அப்படியே பழம்னு சொல்லு” என்றேன். சொன்னான். பத்துத் தடவை சொல்லவைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள்.

கலிபோர்னியா தமிழ்க் கழகம் 1998-இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து தமிழ் எழுதக் கற்றிருக்கிறார்கள். இவனும் அப்படியொரு வார இறுதி வகுப்புக்குப் போகிறான். போன மாதம் ஒரு வீட்டுப்பாடம். குடும்ப மரம் வரைந்து, தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பெயர்களை நிரப்ப வேண்டும். அவனுக்கே தெரிந்த பெயர்தான். ஆனாலும் ‘கேட்டு’ என்று போட்டிருந்ததால் கேட்டே தீருவேன் என்று நின்றான். விளையாட்டு முடிந்து வந்த வேர்வையோடு, சட்டையைக்கூட மாற்றாமல், தாளும் பென்சிலுமாக அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான்.

“அப்பத்தா, அப்பாரு பேரு என்ன?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“திரும்பி உக்காரு கண்ணு” என்றாள்.

திரும்பினான். இடது தோளில் விரலை வைத்து, வளைவோடு ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு வலது தோள்வரை போனாள். அவனுக்குக் கூச்சம் தாளவில்லை, நெளிந்து நெளிந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே தாளில் முதல் எழுத்தைப் போட்டான்.