நந்தி மலையடியில் ஒரு பிரெஞ்சுச் சிவப்பு

சென்ற வாரப் பயணக் கதையை ஓசூரோடு நிறுத்தியிருந்தேன். சேலம் சூரமங்கலத்தில் ஏறி ஓமலூர், தருமபுரி வழியாக வந்த ரயிலுக்குப் பெங்களூரில் விடை கொடுத்துவிட்டு, கார் பிடித்துத் தொட்டபள்ளாபூர் பக்கம் கிளம்பினோம். கூட வந்தவர் எங்கள் தெருக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒரு சொட்டும் தொடாதவர். "ஏங்க, 1937ல ராஜாஜி மதுவிலக்கை மொதல்ல கொண்டாந்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான். அந்த ஊர்க்காரங்க போற எடத்தைப் பாருங்க" என்று தேவனஹள்ளி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரான்சின் போர்தோ வட்டாரத்து உயர்ரகச் சிவப்பு ஒயின் இருபது, முப்பது வருடம் பாட்டிலுக்குள்ளேயே முதிரும் என்று படித்ததிலிருந்து எனக்கு ஒரு குறுகுறுப்பு. பிரான்ஸ் போக வசதியில்லை. அந்த வம்சத்தின் ஒரு கிளை நந்தி மலையடியில் இருக்கிறது: குரோவர் தோட்டம்.

இதைத் தொடங்கியவர் கன்வல் குரோவர். தொழில் நிமித்தமாகப் பிரான்ஸ் போய்வந்த இடத்தில் ஒயின் பித்துப் பிடித்தது. ஷாம்பெயின் வட்டாரத்து நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையோடு மண் பார்த்து, பிரெஞ்சுக் கொடிகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். 1988இல் நிறுவனம் பிறந்தது. 1990களின் நடுவில் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராகச் சேர்ந்தார். உலகமெங்கும் பண்ணைகளுக்குக் கைப்பக்குவம் சொன்ன மனிதர். 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு அவர் ஆலோசனையில் உருவானது. கேபர்னே சொவினியோன், ஷிராஸ் என்ற திராட்சை ரகங்களைக் கலந்து பிரெஞ்சு ஓக் பீப்பாயில் வைத்து எடுப்பது.

நாங்கள் போனது பிப்ரவரி, அறுவடைக் காலம். கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கிற பந்தல் இங்கே இல்லை. இடுப்புயரக் கம்பியில் வரிசையாகக் கொடிகள். கேபர்னே பழம் நாம் தின்னும் பன்னீர் திராட்சையில் பாதி கூட இல்லை. ஒன்றை நசுக்கினேன். தோல் தடிப்பு, சாறு கொஞ்சம், விதை பெரிசு. மென்றால் இனிப்பு சட்டென்று போய், இளம்பாக்குத் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. நண்பர் துப்பியே விட்டார். அந்தத் துவர்ப்புதான் முதலீடு. தோலிலும் விதையிலும் இருக்கிற டானின், வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் வண்டலாகப் படியும். ஊதாவாக இருந்த நிறம் செங்கல் நிறத்துக்கு வரும், கரகரப்பு அடங்கும். டானினும் புளிப்பும் இல்லாத ஒயினை எத்தனை வருடம் பூட்டி வைத்தாலும் கிழடு தட்டுமே தவிரப் பக்குவப்படாது.

வழிகாட்டிப் பையன் கன்னடம் தோய்ந்த தமிழில் கவாத்தைப் பற்றிச் சொன்னான். "இங்கே கொடி தூங்காது சார்." பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். 900 மீட்டர் உயரமானாலும் இது வெப்பமண்டலம். விட்டால் வருடம் முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அறுவடை முடிந்ததும் ஒரு கவாத்து, மழை ஓயும் சமயம் இன்னொரு கவாத்து. இரண்டாவதற்குப் பிறகு வருகிற காய்தான் ஒயினுக்கு. அங்கே பனி செய்கிற வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது.

பீப்பாய் அறையில் போர்தோவின் பழைய வழக்கம் ஒன்றை நண்பருக்குச் சொன்னேன். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். அது முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்க, மேலே ஒயின் தெளியும். அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "அப்ப நாமக்கல்லுக்கு ஒரு ஆர்டர் போடச் சொல்லுங்க!"

லா ரிசர்வ் ஒரு கிளாஸ் வந்தது. கருஞ்சிவப்பு, மிளகு வாசம், முடிவில் மெல்லிய துவர்ப்பு. நல்ல ஒயின், சந்தேகமில்லை. 2005இல் 'டிகான்டர்' ஒயின் இதழில் விமர்சகர் ஸ்டீவன் ஸ்பரியர் இதைப் புகழ்ந்தது சும்மா இல்லை. ஆனால் முப்பது வருடம் காத்திருக்கச் சொன்னால் நான் மாட்டேன். சில வருடத்துக்குள் குடித்துவிட வேண்டிய ஒயின் என்பது என் கணிப்பு.

நம் பக்கம் காத்திருப்பதே கஷ்டம். முதிர்கிற ஒயினுக்கு 12, 13 டிகிரியில் இருட்டு நிலவறை வேண்டும். சூரமங்கலத்தில் மே மாதம் பீரோவுக்குள் வைத்தால் எந்தச் சீமை ஒயினும் வெந்து நாசமாகும். போர்தோவின் ஷாட்டோ லத்தூர் பண்ணை 2012இல் ஒரு முடிவெடுத்தது: பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் வாங்கி விற்கிற ஊர்வழக்கத்தை விட்டுவிட்டு, பக்குவம் வரும்வரை பாட்டில்களைத் தன் நிலவறையிலேயே வைத்திருப்பது. அத்தனை பணத்தை அத்தனை வருடம் முடக்கிப் போட அவர்களால் முடிகிறது. இங்கே 1988இல் பிறந்த தொழிலுக்கு அந்த நெஞ்சுரம் வர இன்னும் நாளாகும்.

பாட்டில் எதுவும் வாங்கவில்லை. ஓசூர் சோதனைச் சாவடியை நண்பர் மூன்று முறை நினைவுபடுத்திவிட்டார். அடுத்த வாரம் நந்தி மலை ஏறுவோம்.