தூரம் என்ற ஒரு சொல்



ஸாரா ரதஃபோர்டை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பெல்ஜியத்திலிருந்து புறப்பட்டு, சிறிய விமானமொன்றில் தனியாக உலகைச் சுற்றிய 19 வயதுப் பெண். 2021 ஓகஸ்டில் போனவர் 2022 ஜனவரியில் திரும்பினார். வழியில் நம் நாட்டிலும் இறங்கினார்.

பிள்ளைகள் அவரது துணிச்சலைப் பேசுவார்கள். நான் உலகப் படத்தை விரித்து அவரது திட்டத்தைக் காட்டுவேன். கண்ணால் பார்த்தே ஓட்டும் விமானம். இரவிலும் மேகத்துக்குள்ளும் பறக்க முடியாது. எங்கே இறங்குவது, எரிபொருள் கிடைக்குமா, இருட்டுமுன் சேரலாமா என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடு அனுமதி வேறு. ரஷ்ய விசா காலாவதியாகி, அலாஸ்காவின் நோமில் ஒரு மாதமளவில் காத்திருந்தார். சைபீரியக் குளிரில் இன்னும் சில வாரங்கள். தென்கொரியா போகையில் மேகம் மறித்தது. வடகொரியாவுக்கு மேலால் குறுக்கே போகலாமா என்று கேட்டார். குழுவினர் வேண்டாம் என்றார்கள், சுற்றியே போனார். மூன்று மாதத் திட்டம் 155 நாட்கள் எடுத்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது இப்படித்தான்.

கல்வியியல் கல்லூரிக்கு இடம் கிடைத்தும், "தூரம்" என்ற ஒரு சொல்லால் வீட்டோடு நின்றுவிடும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறேன். என்னை அனுப்பும்போது வாப்பா பஸ் நேரம், விடுதி, அவசரத்துக்குப் போக ஒரு சொந்தக்கார வீடு எல்லாம் விசாரித்துக் கொப்பியில் எழுதித் தந்தார்.

பெற்றோரே, உங்கள் பயம் நியாயமானது. அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விடை தேடுங்கள். பிறகு முடிவெடுங்கள்.