சங்கரன்கோவில் கலாசாலையும் பாளையங்கோட்டை மைதானமும்

திருநெல்வேலியிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் பஸ் பிரயாணம் செய்தால் சங்கரன்கோவில் வந்து சேரும். விசைத்தறிச் சப்தமும் மல்லிகைப்பூ வாசனையும் நம்மை வரவேற்கின்றன. கோவிலிலுள்ள சங்கரநாராயண மூர்த்தி பாதி சிவன், பாதி திருமால். சங்கன், பதுமன் என்ற நாகராஜர்கள், "என் தெய்வமே பெரிது" என்று சண்டையிட்டார்களாம். அதைத் தீர்த்து வைக்கக் கோமதியம்மன் தவமிருந்து தரிசித்த கோலம் இது. அந்த நாகராஜர்களின் சந்ததியார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "படிப்பே பெரிது" என்கிறார் தகப்பனார். "பந்தே பெரிது" என்கிறான் பிள்ளையாண்டான்.

பள்ளிப் படிப்பு முடித்த இவ்வூர்ப் பிள்ளைக்கு இரண்டு வழிகள். ஒன்று, வீட்டுச் சாப்பாட்டுடன் உள்ளூர்க் கலாசாலை. மற்றொன்று, பாளையங்கோட்டை. அங்கே 1878-ல் தோன்றிய தூய யோவான் கல்லூரியும், 1923-ல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியும் விசாலமான மைதானங்களுடன் விளங்குகின்றன. இவற்றுள் தூய சவேரியார் கல்லூரி தன்னாட்சி பெற்றது. வினாத்தாளைத் தானே தயாரித்துக்கொள்ளும். சிற்றூர்க் கலாசாலை மாணாக்கர், 1990-ல் ஏற்பட்ட மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். ஆயினும் இரு சாராரின் பட்டத்திலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்கும். ஊக்கமுள்ள பிள்ளை நோட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கியாவது படிப்பில் ஈடு கொடுத்துவிடுவான். மைதானத்தை யாரிடம் இரவல் வாங்குவது? அதிகாலையிலும் மாலையிலும் பயிற்சி வேண்டுமே! விடுதிச் செலவுக்கு வகையில்லாதவன் கடைசி பஸ்ஸைப் பார்த்தே ஓட வேண்டியவன். பெண்ணாயிருந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும்!

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். 1973-ல் கலாசாலை விளையாட்டுச் சங்கத்தினர் கலாசாலைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தனர். சிறியவை சிறியவற்றுடனேயே மோதும். மூன்றாம் வகுப்பில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. நம் பக்கத்திலோ ஒரே பல்கலைக்கழகத்துக்குட்பட்ட கலாசாலைகள், பெரிதும் சிறிதும், ஒரே பந்தயத்தில் இறங்குகின்றன. இது அநியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. கிராமத்துப் பிள்ளை பெரிய கலாசாலையை நேருக்கு நேர் சந்திக்க வேறு சந்தர்ப்பம் ஏது? மைதானத்தைக் கொடாமல் பந்தயத்துக்கு மட்டும் அழைப்பதுதான் அநியாயம்.

மைதானம் என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சி வெகு தூரத்தில் இல்லை. கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது கோவில்பட்டி. தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடும் ஊர் அது. செயற்கைப் புல் மைதானமும், அரசாங்க விளையாட்டு விடுதியும் உண்டு. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்தியக் குழுவில், இவ்வூர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயின்ற கார்த்தியும் இருந்தார்கள். எந்தக் கலாசாலை முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று அந்தப் புல் தரை விசாரிப்பதில்லை.

சங்கரன்கோவில் தகப்பனார்கள் ஒரு மாலை அங்கே போய் வேலியோரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம். பஸ் கட்டணம் அதிகமில்லை. பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லலாம்.