பச்சை முக்கோணம்

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆளா நீங்கள்? நான் அந்த ஜாதி. பி.காம். படித்த தோஷம். பேலன்ஸ் ஷீட்டில் முக்கியமான சங்கதி கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில்தான் ஒளிந்திருக்கும். என் மகளுக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது. பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்பது அவளுக்கு அத்துப்படி.

லீவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தோம். பம்ப்செட் ரூமிலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கி வந்து, "சின்னத் தாத்தா, இது சைவமா?" என்றாள். லேபிளில் பச்சை முக்கோணம்! கத்திரிக்காய்க்கு அடிக்கிற மருந்து. பதறிப் பிடுங்கி, அவளைச் சோப்புப் போட்டுக் கை கழுவ அனுப்பினேன். (விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

1971-ம் வருஷ விதிப்படி பூச்சிமருந்து லேபிளில் நாலு நிறம். சிவப்பு கொடிய விஷம். அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை சார், இருப்பதில் குறைச்சல், அவ்வளவுதான்.

பாட்டிலோடு ஒரு துண்டுச்சீட்டு. "அதைப் படிக்க என் கண்ணாடிக்கே ஒரு கண்ணாடி வேணும்டா" என்றார் சித்தப்பா. நான் படித்தேன். குளோரான்ட்ரனிலிப்ரோல். கத்திரிக்காய்க்குக் கடைசியாக அடித்து 22 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும்.

"நீங்க எத்தனை நாளைக்கு ஒருக்கா பறிக்கிறீங்க?"

"நாலு, அஞ்சு நாள். முத்திப்போனா எவன் வாங்குவான்? புழு விழுந்தா எவன் வாங்குவான்? 22 நாள்னு எழுதினவன் கத்திரிச் செடியைப் பார்த்திருக்கானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. என் கை தயங்குவதைப் பார்த்து, "பயப்படாதே, இது கிணத்தோரச் செடி. அதுக்கு மருந்தே அடிக்கிறதில்லை" என்றார். நிம்மதியாகச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. அடித்த செடியின் காய், வாசலில் மூட்டையாகக் கிடந்தது. வேன் வந்து ஏற்றிப் போனது. என் தெருவுக்குக்கூட வந்திருக்கலாம். அதில் லேபிளும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

காசர்கோடு ஞாபகம் வந்தது. அங்கே முந்திரித் தோட்டங்கள் மேல் 1970-களின் கடைசியிலிருந்து ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 1998-ல் லீலாகுமாரி அம்மா என்ற வேளாண் துறை ஊழியர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். தோட்டம் அரசுக் கார்ப்பரேஷனுடையது, அவரோ அரசு ஊழியர். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! நாடு முழுக்க சுப்ரீம் கோர்ட் தடை போட்டது 2011 மே 13-ல். நடுவில் பதிமூன்று வருஷம்.

1968 சட்டத்துக்குப் பதிலாக 2008-லும் 2020-லும் ராஜ்யசபாவுக்கு மசோதா வந்தது. இரண்டும் சட்டமாகவில்லை.

அன்று ராத்திரியே டெல்லி வேளாண் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். காத்திருப்பு நாளைப் பாட்டில் மேலேயே, தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். நாலு நாளைக்கொரு முறை பறிக்கிற பயிருக்கு 22 நாள் மருந்தைச் சிபாரிசு செய்தால், விவசாயி என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "பதில் வர்றதுக்குள்ள எத்தனை பறிப்பு ஆகும்?" என்று கேட்டார்.

பதிவுத் தபால் ரசீது என் பர்ஸில் இருக்கிறது.