அடைக்க மறுத்த வால்வு

கயத்தாறு என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு 1799 அக்டோபர் 16-ம், கட்டபொம்மனும்தான் ஞாபகம் வரும். ஊர்க்காரங்களுக்கு அதோடு தண்ணீர்க் கவலையும் சேர்ந்து வரும். எங்க வீட்டு போர் தண்ணியில் பருப்பு வேகாது. வாளியில் வெள்ளைப் படிவு உட்காரும். கோடையில் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றுதான் வரும். மாடித் தொட்டி நிறைய இரண்டு நாள் ஆகும்.

அப்படி நிறைந்த ஒரு நாளில், சமையலறைக் குழாய் கழுத்தோடு முறிந்தது. அம்மா குடத்தை வைத்தாள், நிறைந்தது. அடுத்த குடமும் நிறைந்தது. மாடியில் கேட் வால்வு அசையவே இல்லை. தம்பி பைப் ரெஞ்சோடு ஓடி வந்தான். பக்கத்து வீட்டு பிளம்பர் அண்ணாச்சி சத்தம் போட்டார்: "பொறுடே! ஸ்பிண்டில் முறிஞ்சா வால்வு எந்நிலையில நிக்கோ அப்படியே நின்னுரும்லா!"

பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுருட்டி, பாலிதீன் பையில் கட்டி, தொட்டிக்குள் கையை விட்டு வெளிவாயில் அழுத்தினார். மேலிருக்கிற தண்ணீரின் அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்தது. பாதித் தொட்டி தப்பியது.

நண்பர்களே, அவர் சொன்னது நம்ம வகுப்புக் கணக்குதான். கைச்சக்கரத்தின் ஆரம் ஒரு அங்குலம் இருக்கும். 12 அங்குல ரெஞ்சு போட்டால் அதே கைபலம் ஏறக்குறைய 12 மடங்கு முறுக்குவிசையாகிவிடும். மெல்லிய பித்தளைத் தண்டு எப்படித் தாங்கும்? போதாதற்கு, பித்தளையிலுள்ள துத்தநாகத்தை வருஷக்கணக்கில் தண்ணீர் அரித்தால், மிச்சம் நொய்ந்த செம்புதான். கடின நீரின் கால்சியம் கார்பனேட்டோ மரையிலும் தகட்டு இருக்கையிலும் சுண்ணாம்பாய்ப் படிந்து பூட்டிவிடும்.

அண்ணாச்சி முதலில் கிளாண்டு நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். தண்டில் எண்ணெய் விட்டு அரைமணி காத்திருந்தார். பிறகு கையாலேயே, அடைக்கிற பக்கம் கொஞ்சம், திறக்கிற பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினார். பத்து நிமிஷத்தில் சக்கரம் சுழன்றது. ஆனால் இருக்கையில் படிவு இருந்ததால் முழுசா அடைக்கவில்லை.

"மாத்திர வேண்டியதுதான்" என்றார். துணிப்பந்து தொட்டிவாயிலேயே இருக்க, யூனியனைக் கழற்றி, ஒரு ரெஞ்சால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வால்வைத் திருகினார். ஒரே ரெஞ்சு என்றால் பழைய ஜி.ஐ. குழாயே முறுகிப் போகும். அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரை. டெஃப்லான் நாடாவை மரை ஏறுகிற திசையிலேயே சுற்றினார். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது பிரிந்துவிடும். புதிதாக வைத்தது பால் வால்வு. கால் சுற்றில் அடைபடும். பிடி குழாயோடு ஒட்டியிருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. இருட்டிலும் தடவிப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

பால் வால்வையும் சும்மா விட்டால் படிவு பிடிக்கும். அதனால் அம்மா மாசப் பிறப்பன்று ஒருதரம் அடைத்துத் திறக்கிறாள். இந்த விடுமுறையில் நீங்களும் உங்க வீட்டு வால்வைத் தொட்டுப் பாருங்கள். எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று வீட்டுப் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். குழாய் உடைகிற நேரத்தில் பெரும்பாலும் வீட்டில் இருப்பது அவர்கள்தானே!