காத்திவாக்கத்துப் பருந்து

வானத்தே பறந்து செல்லும் பறவையைக் கண்டு மகிழாதார் யாவர்? அவற்றுள்ளும், சிறகசையாது வட்டமிட்டுக் காற்றின்மேல் அமர்ந்ததுபோல் உலவும் பருந்தினைக் காணுங்கால், காண்போர் உள்ளமும் உடன் மேலெழுகின்றது. அத்தோற்றத்தை நிழற்படமாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை எமக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அவ்வாசை எம்மை ஒரு பொய்யில் வீழ்த்தியதையும், காத்திவாக்கத்து மீனவர் ஒருவர் ஒரே கேள்வியால் எம்மை அதினின்று எடுத்ததையும், எம்போன்ற மாணவ நண்பர்க்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

காத்திவாக்கம் சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரைக் கடந்து கூடூர் நோக்கிச் செல்லும் இரயிற்பாதையில், எண்ணூருக்கு முந்திய நிலையமாகும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். முன்னாளில் தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. மீனவர் குப்பங்களும் தொழிற்சாலைகளும் இங்கே ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் நிறுத்தப்படும் வரையில் இப்பகுதியில்தான் இயங்கிற்று. கழிமுகத்துக்கு அப்பால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இன்றும் வானளாவி நிற்கின்றன.

இத்தகைய இடத்திற் பறவைக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். யாமும் முதலில் அங்ஙனமே எண்ணினோம். ஆயின் மீன் உள்ள இடத்தில் மீனுண்ணும் பறவையும் உண்டு. ஊரெங்கும் திரியும் கள்ளப்பருந்து இங்கே மிகுதி. வெண்டலையும் செம்பழுப்புச் சிறகும் உடைய செம்பருந்து, அதாவது கண்டோர் கன்னத்திற் போட்டுக்கொள்ளும் கருடன், கழிமுகத்தின் மேல் நாள்தோறும் உலவுகின்றது. பனிக்காலத்தில் வடநாடுகளினின்று வரும் விராலடிப்பானும் இங்கே தோன்றுவதுண்டு.

எம் தாய்மாமன் இரவலாகத் தந்த காமிராவுடன் சனிக்கிழமைதோறும் விடியற்கால வண்டியேறிச் சென்றோம். பறக்கும் பருந்தைப் படமெடுத்தல் எளிதன்று. நொடியின் 2,000-இல் ஒரு கூற்றளவே கருவியின் கண் திறந்து மூட வேண்டும். அதனின் மிகுந்தால் சிறகின் நுனி புகைபோற் கலைந்துவிடும். வானம் ஒளிமிக்கது, பறவையின் அடிப்புறம் நிழல் படிந்தது. கருவியோ வானத்தின் ஒளியையே அளந்து பறவையைக் கரியாக்கிவிடும். ஆதலின் கதிரவன் எம் முதுகுப்புறம் இருக்கும் காலை நேரமே தக்கது. இவையெல்லாம் அறிந்தும் நான்கு வாரம் எமக்குக் கிடைத்தவை யாவை? வெறும் வானம் பதினைந்து, வால்நுனி ஆறு, எப்பறவை என்று தெரியாத கருநிழல் எண்ணில.

ஐந்தாம் வாரம், கழிமுகக் கரையில் ஒரு பெரியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். வலையிற் சிக்கிய விலைபோகாத பொடிமீன்களை அவர் நீரில் வீசுந்தோறும் செம்பருந்துகள் தாழ்ந்து வந்து கவர்ந்து சென்றன. எமக்கு ஒரு யோசனை தோன்றிற்று. அவரை அணுகி, "ஐயா, சிறிது பெரிய மீனாக ஒன்றை, வெயில் விழும் அந்த இடத்தில் எறிய முடியுமா?" என்று கேட்டோம். அவர் நகைத்து, ஒரு மடவை மீனை எடுத்து எறிந்தார். முதன்முறை பிழைத்தோம், இரண்டாம் முறையும் பிழைத்தோம். மூன்றாம் முறை, பருந்து காலை நீட்டி, சிறகை உயர்த்தி, நீரின் மேற்பரப்பில் மீனைப் பற்றிய அக்கணமே எம் விரலும் அழுந்திற்று.

படம் அற்புதமாக அமைந்துவிட்டது. நீர்த்துளி ஒவ்வொன்றும் தெளிவு, கண்ணில் ஒளி. ஒரே குறை, இடச்சிறகின் பின்னால் புகைபோக்கி ஒன்று நெட்டுயர்ந்து நின்றது. அன்றிரவு கணினியின் முன் அமர்ந்தோம். இந்நாளைய கணினிக்கு ஒரு புகைபோக்கி எம்மாத்திரம்? அது நின்ற இடத்தைச் சுட்டிக் காட்டினோம். இமைப்பொழுதில் அவ்விடத்தில் நீல வானம் பரந்தது. பின்னர், "எண்ணூர்க் கழிமுகத்தில் வேட்டையாடும் செம்பருந்து" என்று தலைப்பிட்டு, கல்லூரி மாணவர்க்கென நகரில் அமைந்த ஒரு நிழற்படக் காட்சிக்கு அனுப்பினோம். தேர்ந்தெடுக்கப்பட்டது என்று மறுமொழி வந்தபோது எம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

நன்றி மறவாமை வேண்டுமன்றோ? படத்தின் பிரதி ஒன்றைப் பெரியவர்க்குக் கொடுக்க எடுத்துச் சென்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் நோக்கினார். "படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. இது எந்த ஊரு?" என்றார்.

"இவ்வூர்தான் ஐயா. அன்று தாங்கள் மீன் எறிந்தபோது எடுத்தது."

"நம்ம ஊருன்னா சிம்னி எங்கே?"

யாம் வாய் திறந்திலம். அவர் எம்மைக் குற்றஞ்சாட்டவில்லை. உண்மையாகவே விளங்காமற் கேட்டார். கடலிற் சென்று மீள்வோர் கரையைக் காணுமுன் அப்புகைபோக்கியைக் கண்டே தம் ஊர் இன்ன திசை என்று அறிவார்களாம். அதன் புகையை அவர் விரும்பினாரல்லர். அதன் சாம்பல் ஆற்றிற் படிந்து மீன் குன்றியதை எத்தனையோ முறை எம்மிடம் சொல்லி வருந்தியவர் அவர். ஆயினும் அஃதின்றி அவர்க்கு அவ்வூர் அவ்வூராகத் தோன்றவில்லை. யாம் புகைபோக்கியை மட்டும் அழித்ததாக எண்ணியிருந்தோம், ஊரையே அழித்திருந்தோம். பறவைக்கு இரையிட்ட அவர் கையையும் தலைப்பினால் அழித்திருந்தோம்.

வண்டியில் திரும்புகையில் உடன்வந்த நண்பர், "இதனால் யாருக்கு என்ன கேடு? ஓவியன் வேண்டாததை விடுவதில்லையா?" என்றார். அக்கேள்வி எம் மனத்தைப் பல நாள் அலைத்தது. அதற்கு யாம் கண்ட விடை வருமாறு.

ஓவியன் தான் கண்டதையும் காணாததையும் எழுதலாம். அவனை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. நிழற்படமோ சாட்சி. பறவை பறப்பதைப் படமெடுக்கும் கலையே உண்மையை அறியும் பொருட்டுப் பிறந்தது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் மாரே என்பார் 1882-இல் துப்பாக்கி வடிவிலான ஒரு கருவி செய்து, ஒரு நொடியில் 12 படங்கள் எடுத்தார். பறவை சிறகை எங்ஙனம் மடக்குகின்றது, எங்ஙனம் விரிக்கின்றது என்று கண்ணாற் காண இயலாததைக் காண்பதே அவர் நோக்கம். அவர் அப்படங்களை அழகுபடுத்தத் தலைப்பட்டிருப்பின் அம்முயற்சி முழுதும் வீண் அன்றோ?

பிற நாடுகளிலும் எம்போல் வழுவினோர் உண்டு. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் கானுயிர் நிழற்படப் போட்டியில் 2009-ஆம் ஆண்டின் முதற்பரிசு, வேலியைத் தாண்டும் ஓர் ஓநாயின் படத்திற்குக் கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருத்தல் கூடும் என்று நடுவர்கள் கண்டு 2010-இல் அப்பரிசை நீக்கினர். 2017-இல் அதே போட்டியின் ஒரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புதின்னியின் படமும், அவ்விலங்கு பாடம் செய்யப்பட்ட உடல் என்று கருதப்பட்டு, 2018-இல் விலக்கப்பட்டது. அப்படங்கள் அழகிற் குறைந்தவை அல்ல. கானகத்தில் கண்டது என்று சொல்லிக் காட்டியதே குற்றம்.

அங்ஙனமாயின் பறவைக்கு இரையிடுதலே பாவமோ எனின், அன்று. திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் அருச்சகர் கையால் உணவுண்ண இரண்டு பறவைகள் வந்துகொண்டிருந்ததை நம் பாட்டனார் அறிவர். 1990-களுக்குப் பின் அவற்றின் வரவு நின்றுபோயிற்று. கழுகு என்று ஊரார் வழங்கிய அவை உண்மையில் பாறு இனத்தன. அங்கே உணவிடுதலை யாரும் மறைக்கவில்லை. அதைக் காணவே மக்கள் மலையேறினர். இட்ட கையை மறைத்து, வேட்டை என்று பெயர் சூட்டினால் அன்றோ பொய் பிறக்கின்றது! ஆயினும் படத்தின் பொருட்டு நாள்தோறும் இரையிட்டுப் பறவையின் இயல்பைக் கெடுத்தல் தகாது. மார்கழி முதல் சித்திரை வரை செம்பருந்து நீரருகே உள்ள மரங்களிற் கூடு கட்டுங்காலம். அப்போது கூட்டை நெருங்குதல் அதனினும் தகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ குலைப்பதை வேட்டையாடுதல் என்னும் சொல்லிலேயே அடக்குகின்றது. துப்பாக்கி ஏந்தினால்தான் வேட்டைக்காரன் என்பதில்லை. காமிரா ஏந்தியவனும் ஆகலாம்.

இன்னும் ஒன்று எம் நெஞ்சைச் சுட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் கரியாயின. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளிலும் எண்ணெய் படிந்தது. அதனை நகரத்தார் நம்பியது எதனால்? நிழற்படங்களைக் கண்டமையால். எண்ணூரினின்று வரும் படத்தில் உள்ளதை இல்லாததாக்கலாம் என்று யாம் ஒருமுறை காட்டிவிட்டால், நாளை ஒருவர் எண்ணெய் தோய்ந்த பறவையின் படத்தை நீட்டும்போது, "இதுவும் கணினி வேலை" என்று சொல்ல மற்றொருவர்க்கு யாமே வழிகாட்டினோம் ஆவோம். புகைபோக்கியின் நிழலில் வாழும் மக்களுக்கும் பறவைகளுக்கும் படம் ஒன்றே சாட்சியாக நிற்கும் நாள் உண்டு. அச்சாட்சியைக் கெடுத்தல் சிறு பிழையன்று.

ஆதலின் காட்சியினர்க்கு உள்ளவாறே எழுதி, எம் படத்தைத் திருப்பிக்கொண்டோம். எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் கடிந்துகொள்ளாமல் ஒரு வரியில் விடைகொடுத்தனர். கல்லூரி விளம்பரப் பலகையில் இருந்த பெயர்ப்பட்டியலில் எம் பெயரின்மேல் மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டது. அதனைக் கடந்து வகுப்பிற்குச் செல்லுதல் சில நாள் எமக்குக் கடினமாகவே இருந்தது.

அதன்பின் யாம் எமக்கென்று சில விதிகள் வகுத்துக்கொண்டோம். ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கண் கண்டதைக் கருவி காணத் தவறியதற்கு அது ஈடு. ஓரத்தை நறுக்கலாம், ஆயின் நறுக்கியதனாற் பொருள் மாறுமேல் நறுக்கலாகாது. இருந்ததை நீக்குதலும் இல்லாததைச் சேர்த்தலும் கூடா. இரையிட்டிருந்தால் அதனைத் தலைப்பிற் சொல்ல வேண்டும். இன்ன பறவை என்று தெளியாமற் பெயரிடலாகாது. செம்பருந்தின் குஞ்சு பழுப்பாயிருத்தலின் கள்ளப்பருந்து என்று மயங்குவோர் பலர். கள்ளப்பருந்தின் வால் பிளவுண்டது, செம்பருந்தின் வால் வட்டமானது என்பதை நோக்கின் மயக்கம் தீரும்.

இவ்விஷயத்தில் நம்மவர்க்கு முன்னோடியும் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையா அவர்களின் மைந்தர் மா. கிருஷ்ணன் அவர்கள் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திய காமிராவால், கறுப்பு வெள்ளையிலேயே கானுயிர்களைப் படமெடுத்தார். 1950 முதல் இறுதிவரையில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியும் வந்தார். படமெடுத்த கையே எழுதவும் செய்தது. படம் சொல்லாததைச் சொல் சொல்ல வேண்டும் என்று யாம் கருதுவது அவரை எண்ணியே.

சென்ற தை மாதத்தில் ஒரு விராலடிப்பானைக் கண்டோம். மேலே ஓரிடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னீட்டி, கல் விழுவதுபோல் நீரில் விழுந்தது. வழுக்கும் மீனைப் பற்றுதற்கு அதன் உள்ளங்காலில் முட்போன்ற செதில்கள் உள்ளன. வெளிவிரலைப் பின்புறம் திருப்பவும் அதற்கு இயலும். மீனின் தலை முன்னோக்கியிருக்கத் தூக்கிக்கொண்டு அது சென்றதை இரு கண்ணாலும் கண்டோம். ஆயின் எம் விரல் பிந்திவிட்டது. படத்தில் இருப்பது நீர் தெறித்த வட்டம் ஒன்றே. அதனையும் வைத்திருக்கின்றோம், கீழே நாளும் இடமும் எழுதி, "விராலடிப்பான் மூழ்கிய இடம்" என்று குறித்திருக்கின்றோம்.

பெரியவர்க்கு மற்றொரு படம் கொடுத்தோம். அதிற் பருந்து சிறியது, அருமையாகவும் அமையவில்லை. ஒருபுறம் வலை, அதனருகே மீன் எறிந்த அவர் கை, பின்னே கழிமுகமும் புகைபோக்கியும். அவர் அதனைப் பார்த்துத் தம் மனைவியாரை அழைத்து, "இந்தா, நம்ம கரை" என்றார். பின்பு எம்மை நோக்கி, அடுத்த முறை வரும்போது தம் படகையும் சேர்த்து எடுக்கும்படி கேட்டார்.

நண்பர்களே, மார்கழி தையில் ஒரு சனிக்கிழமை விடியலில் காத்திவாக்கத்துக்குச் செல்லுங்கள். கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, பொறுமையோடு மேலே நோக்குங்கள். நல்ல படம் கிடைப்பின் மகிழுங்கள். கிடையாவிடின் கண்டதை வந்து எமக்குச் சொல்லுங்கள். நீங்கள் கண்டது கண்டபடியே இருக்குமாயின், யாம் படமின்றியும் நம்புவோம்.